பழைய சிகரெட் அட்டையில் இருப்பது எந்தக் கட்டடம்? அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

பழைய சிகரெட் அட்டைகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள்: எந்தக் கம்பெனி வெளியிட்டது, இன்று என்ன விலைக்குப் போகும். படத்தில் நிற்கும் கோபுரம் எது, பாலம் எது என்று கேட்பவர்கள் குறைவு. அடியில்தான் பெயர் அச்சாகியிருக்கிறதே என்பார்கள். அந்தப் பெயர் பல அட்டைகளில் பொதுப்பெயர், சிலவற்றில் தவறான பெயர், இன்னும் சிலவற்றில் சரியான பெயர். ஆனால் சரியான பெயர் இருந்தாலும் படத்தில் இருப்பது அந்தக் கட்டடத்தின் எந்தக் காலத்து உருவம் என்பது அதிலிருந்து தெரியாது.

தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் வயது வேறு, அதிலுள்ள படத்தின் வயது வேறு. அட்டைக்கு ஓவியம் தீட்டியவர் வெனிஸுக்கோ ஆக்ராவுக்கோ போனவர் இல்லை. பிரிஸ்டலிலோ நியூயார்க்கிலோ ஓர் அச்சக மேசையில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த பழைய புகைப்படத்தையோ செதுக்கோவியத்தையோ பார்த்து வரைந்தவர். 1905-ல் வந்த அட்டையில் 1860-களின் கட்டடம் நிற்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு வயதையும் தனித்தனியாகப் பிரித்துக் கண்டுபிடிப்பதற்கானவை.

கொஞ்சம் பின்னணி. மெல்லிய காகிதப் பாக்கெட்டில் சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டை தேவைப்பட்டது. அந்த அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குபவர் மறுபடியும் வருவார் என்று கண்டுகொண்டவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி. காலம் 1880-கள். பிரிட்டனில் பிரிஸ்டலின் டபிள்யூ.டி. அண்ட் எச்.ஓ. வில்ஸ், நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ் இரண்டும் பின்தொடர்ந்தன. பிளேயர் கம்பெனி 1893-ல் கோட்டைகள், மடாலயங்கள் என்ற வரிசையை வெளியிட்டது. அதாவது, பழங்கட்டடங்கள் இந்த அட்டைகளுக்குள் வந்தது தொடக்கத்திலேயே. இதே காலத்தில் லீபிக் இறைச்சிச் சாறு கம்பெனி ஆறு ஆறு அட்டைகளாக, சிகரெட் அட்டையைவிடப் பெரிதாக, பல ஐரோப்பிய மொழிகளில் வண்ண அட்டைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவில் விற்ற வில்ஸின் சிசர்ஸ் சிகரெட்டிலும் அட்டைகள் வந்தன. ஆகவே நம்மூர்ப் பழைய டிரங்குப் பெட்டிகளிலும் இவை அகப்படுவதில் வியப்பில்லை.

முதல் படி: அட்டையைத் திருப்புங்கள்

படத்தைப் பார்க்கும் ஆசையை ஐந்து நிமிடம் அடக்கிக்கொண்டு பின்பக்கத்தைப் படியுங்கள். கம்பெனி பெயர், ஊர், வரிசையின் தலைப்பு, வரிசை எண், விளக்கக் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். அட்டை வெளியான காலத்தைச் சுருக்கிக்கொள்ள சில திடமான அடையாளங்கள் உண்டு.

பிரிட்டிஷ் அட்டைகளில் இம்பீரியல் டுபாக்கோ கம்பெனியின் பெயர் அடியில் சிறு எழுத்தில் இருந்தால் அட்டை 1901-க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் அமெரிக்கப் போட்டியைச் சமாளிக்க 13 பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து இம்பீரியலை உருவாக்கின. முதல் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து 1917-ல் அட்டைகள் நின்றன. 1922-ல் மறுபடி தொடங்கின. இரண்டாம் உலகப்போரில், 1940-ல், ஏறக்குறைய முழுவதுமாக முடிந்துபோயின. ஆக 1919 என்று யாராவது ஒரு பிரிட்டிஷ் சிகரெட் அட்டைக்குத் தேதி சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். பின்பக்கத்தில் பசை தடவி, ஒரு பென்னி விலையுள்ள ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளும்படி எழுதியிருந்தால் அது 1930-களின் அட்டை.

அமெரிக்க அட்டைகளுக்கு ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் போட்டுவைத்த குறியீட்டு முறைதான் இன்றும் வழக்கில் இருக்கிறது. என் (N) என்ற ஆங்கில எழுத்து 19-ம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு, டி (T) என்ற எழுத்து 20-ம் நூற்றாண்டுக்கு. ஹாசன் சிகரெட்டின் கலங்கரை விளக்க வரிசை டி77 என்று அழைக்கப்படுவது இப்படித்தான். பர்டிக் தன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

வரிசையின் தலைப்பும் எண்ணும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதே வரிசையின் மற்ற அட்டைகளைத் தேடிப் பாருங்கள். ஒரே வரிசையில் ஒரே நாட்டுக் கட்டடங்கள் அடுத்தடுத்த எண்களில் வருவது சகஜம். 14-ம் எண்ணும் 16-ம் எண்ணும் பெல்ஜியம் என்றால் உங்கள் கையிலுள்ள 15-ம் எண்ணைத் தேட வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பூதக்கண்ணாடி

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். வெவ்வேறு அளவில், ஒழுங்கில்லாமல் சிதறிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் கல்லச்சு வண்ணப் படம். ஒரு கலைஞன் கையால் பிரித்து வரைந்தது. வரிசை பிசகாத புள்ளிக் கட்டம் தெரிந்தால் புகைப்படத்திலிருந்து நேராக எடுத்த ஹாஃப்டோன் அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அசல் புகைப்படத்தாள். 1930-களின் பிற்பகுதியில் சீனியர் சர்வீஸ் சிகரெட்டோடு வந்த பிரிட்டன் காட்சிகள் வரிசை இந்த வகை.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கு? எந்த அளவுக்குப் படத்தை நம்பலாம் என்பதற்கு. அசல் புகைப்படத்தில் மரமும் மனிதரும் வண்டியும் சாட்சிகள். கையால் வரைந்ததில் அவை ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் திரைச்சீலை மாதிரிதான், அழகுக்காகச் சேர்த்தவை. நிறமும் அப்படியே. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து ஊகத்தில் பூசிய நிறம். சிவப்புக் கல்லா மஞ்சள் கல்லா என்று நிறத்தை வைத்து ஒரு கட்டடத்தை முடிவு செய்யவே கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

மூன்றாம் படி: பெயர் சொல்லாமல் விவரியுங்கள்

ஊகம் தலைக்குள் நுழைந்துவிட்டால் கண் அதற்கு ஏற்றதை மட்டுமே பார்க்கும். அதனால் முதலில் ஒரு தாளில் எண்ணிக்கைகளை எழுதுங்கள். கோபுரம் எத்தனை, அடுக்கு எத்தனை, வளைவு எத்தனை, தூண்கள் எத்தனை, கடிகாரம் உண்டா, உச்சியில் கும்பமா, சிலுவையா, சிலையா. தண்ணீர் எந்தப் பக்கம். நகல் எடுக்கும் ஓவியர் மேகத்தை மாற்றுவார், ஆட்களைச் சேர்ப்பார், ஆனால் பாலத்தின் ஏழு வளைவை எட்டாக்குவது அபூர்வம். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும் ஓரளவு தப்பிப் பிழைக்கும். அட்டையின் ஓரத்துக்குள் அடக்க ஓவியர் கோபுரத்தைச் சற்று நெட்டையாக்கியிருக்கலாம் என்பதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஊர்ப்பெயரின் காலம்

தலைப்பில் ஊர்ப்பெயர் இருந்தால் அதுவே ஒரு தேதி முத்திரை. நார்வேயின் தலைநகர் 1925 வரை கிறிஸ்தியானியா, அதற்குப் பின் ஆஸ்லோ. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-ல் பெட்ரோகிராட், 1924-ல் லெனின்கிராட். அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகம் 1920-ல் கோவ் ஆனது. டப்ளினின் சாக்வில் தெரு 1924-ல் ஓகானல் தெரு. கான்ஸ்டான்டிநோபிளை இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று துருக்கி அரசு கேட்டுக்கொண்டது 1930-ல்.

நம் பக்கத்தில் இந்த உத்தி பலிக்காது. மதுரா, டாஞ்சூர், டிரிச்சினாபாலி என்ற எழுத்துகள் அட்டைக்காலம் முழுவதும் ஒரே மாதிரி ஓடின. கூடவே ஒரு தொல்லை: தென்னிந்தியக் கோயில் எதுவானாலும் பகோடா என்று எழுதிவிடும் பழக்கம் வெள்ளையரிடம் இருந்தது. அந்தச் சொல்லை நம்பிப் பர்மாவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கட்டடத்தின் ஜாதகம்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் பிறந்த தேதி, அடிபட்ட தேதி, முகம் மாறிய தேதி, சில நேரம் இறந்த தேதியும் உண்டு. அவற்றை வரிசையாக எழுதி, படத்தில் எது இருக்கிறது எது இல்லை என்று ஒப்பிட்டால் மூலப்படம் எந்த ஆண்டுகளுக்கு நடுவே எடுக்கப்பட்டது என்று பிடித்துவிடலாம்.

லண்டனின் கிரிஸ்டல் பேலஸை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியாலும் இரும்பாலும் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தது. 1851-ல் ஹைட் பார்க்கில் பொருட்காட்சிக்காக நின்றபோது அதற்குக் குறுக்குக்கூடம் (நீண்ட கூடத்தைக் குறுக்கே வெட்டி நிற்கும் கூடம்) ஒன்றே ஒன்று. பிறகு பிரித்து எடுத்துச் சென்று சிடன்ஹாமில் பெரிதாகக் கட்டி 1854-ல் திறந்தார்கள். அங்கே குறுக்குக்கூடங்கள் மூன்று. இரு முனைகளிலும் பொறியாளர் புரூனெல் வடிவமைத்த உயரமான நீர்க்கோபுரங்கள் சேர்ந்தன. 1866 டிசம்பரில் தீப்பிடித்து வடக்குக் குறுக்குக்கூடம் அழிந்தது, அதைத் திரும்பக் கட்டவில்லை. 1936 நவம்பர் 30 இரவு மொத்த மாளிகையும் எரிந்தது. இப்போது அட்டையைப் பாருங்கள். கூடம் ஒன்று, கோபுரம் இல்லை என்றால் ஹைட் பார்க். மூன்று கூடங்களும் முழுதாக இருந்தால் 1866-க்கு முந்திய மூலத்தைப் பார்த்து வரைந்தது, அட்டை 1900-ல் வந்திருந்தாலும் சரி. ஒரு பக்கம் குட்டையாக முடிந்தால் ஓவியர் தன் காலத்துப் புகைப்படத்தைப் பயன்படுத்திய நல்ல மனிதர்.

பக்கிங்ஹாம் அரண்மனை இன்னும் நுணுக்கமானது. கிழக்கு முகப்பு 1840-களின் கடைசியில் எட்வர்ட் பிளோர் கட்டியது. மென்மையான பிரெஞ்சுக் கல், லண்டன் புகையில் கறுத்து உதிர்ந்தது. அதன் எதிரே விக்டோரியா நினைவுச்சின்னம் 1911-ல் திறக்கப்பட்டது. 1913-ல் ஆஸ்டன் வெப் முகப்பு முழுவதையும் போர்ட்லாந்து கல்லால் போர்த்தினார். நாம் இன்று காணும் முக்கோண முகடுகளும் நேர்த்தியான தூண் வரிசையும் அப்போது வந்தவை. நினைவுச்சின்னம் இல்லையா, 1911-க்கு முன். சின்னமும் புது முகப்பும் சேர்ந்து இருக்கிறதா, 1913-க்குப் பின். சின்னம் இருந்து பழைய முகப்பும் இருந்தால் இரண்டே ஆண்டு இடைவெளி. இப்படி ஓர் அட்டை சிக்கினால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கலாம்.

பெர்லினின் வெற்றித்தூண் 1873-ல் திறக்கப்பட்டபோது, பின்னாளில் நாடாளுமன்றக் கட்டடம் எழுந்த சதுக்கத்தில் நின்றது. 1938-39-ல் நாஜி அரசு அதைத் தியர்கார்டன் பூங்காவின் நடுவட்டத்துக்கு நகர்த்தி, தூணில் நான்காவதாக ஓர் உருளையைச் சேர்த்தது. மூன்று உருளை என்றால் பழைய இடம். நாடாளுமன்றக் கட்டடமும் முழுமையாகத் தெரிந்தால் அது முடிந்த 1894-க்குப் பின்.

வெனிஸின் புனித மாற்கு சதுக்க மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 காலையில் சரிந்து விழுந்தது. அதே உருவில் எழுப்பி 1912 ஏப்ரலில் திறந்தார்கள். நடுவில் வந்த அட்டைகளில் கோபுரம் கம்பீரமாக நின்றால் அது பழைய படத்தின் நகல். இங்கே உருவத்தை வைத்து முன்னது பின்னது சொல்ல முடியாது, அட்டையின் பின்பக்கம்தான் கைகொடுக்கும்.

கலங்கரை விளக்க அட்டைகளில் அடிக்கடி வருவது இங்கிலாந்தின் எடிஸ்டோன். ஒரே பெயரில் நான்கு கோபுரங்கள் அடுத்தடுத்து இருந்தன. 1698-ல் கட்டியதைப் புயல் கொண்டுபோனது, 1709-ல் கட்டியது எரிந்தது. மூன்றாவது 1759-ல் ஸ்மீட்டன் கட்டியது, நான்காவது 1882-ல் டக்ளஸ் கட்டியது. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேற்பகுதியைக் கழற்றி பிளைமவுத் கடற்கரை மேட்டில் நிறுத்திவிட்டார்கள், அடிக்கட்டை மட்டும் பாறையிலேயே இருக்கிறது. படத்தில் கோபுரத்தின் பக்கத்தில் ஒரு மொட்டைக்கட்டை தெரிந்தால் நான்காவது கோபுரம். புல்வெளியில் கோபுரம் நின்றால் அது பிளைமவுத், கடல் நடுவே இல்லை.

போர்க்கால அட்டைகள் தனி ரகம். வில்ஸ் 1915-ல் பெல்ஜியக் கட்டடக்கலை ரத்தினங்கள் என்று 50 அட்டைகள் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1914 ஆகஸ்டில், லூவென் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. ஈப்ர் நகரின் துணிச்சந்தை மண்டபம் அதே ஆண்டு நவம்பரில் பீரங்கியில் சிதைந்திருந்தது. முழுக் கட்டடத்தைக் காட்டும் அந்தக் காலத்துப் பெல்ஜிய அட்டை, அச்சாகும்போதே இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஈப்ர் மண்டபத்தைத் திரும்பக் கட்டி முடிக்க 1967 ஆனது. இன்று அங்கே போய்ப் படம் எடுத்து ஒப்பிடுபவர் நகலோடு ஒப்பிடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: இடம் வலம் சோதனை

அச்சில் படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடுவது உண்டு. பொருந்தவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அட்டையை போனில் படம் எடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நல்ல பயிற்சி: தேம்ஸ் நதிக்கு அப்பாலிருந்து பார்த்தால் கடிகாரக் கோபுரம் வலது ஓரத்தில், விக்டோரியா கோபுரம் இடது ஓரத்தில். முன்னால் நதி ஓட, கடிகாரம் இடப்பக்கம் இருந்தால் படம் புரண்டிருக்கிறது.

ஏழாம் படி: இணையத் தேடல்

படத்தேடலுக்கு அட்டையை அப்படியே கொடுத்தால், அதே அட்டையை விற்கும் கடைகள்தான் வரும். விளிம்பையும் எழுத்தையும் வெட்டிவிட்டு கட்டடத்தை மட்டும் கொடுங்கள். பிறகு கோபுர உச்சியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். நியூயார்க் பொது நூலகத்தின் ஆரன்ட்ஸ் தொகுப்பில் சிகரெட் அட்டைகள் ஏராளமாக இணையத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எட்வர்ட் வார்ட்டன்-டைகர் விட்டுச்சென்ற மாபெரும் தொகுப்பும் உண்டு. ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார் என்று தேட அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் போட்டோகுரோம் (கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு அச்சில் வண்ணமேற்றிய படங்கள்) தொகுப்பு பொக்கிஷம். 1890-களின் ஐரோப்பாவும் வட ஆப்பிரிக்காவும் வண்ணத்தில் கிடக்கின்றன. அதே கோணம், அதே நிழல் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. பிரிட்டன் ஊர்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கூகுள் தெருக்காட்சியைக் கடைசியில் வையுங்கள். இன்றைய தெரு உங்களைக் குழப்பத்தான் செய்யும்.

நம்மூர்க் கட்டடங்கள் வந்தால்

தென்னிந்தியக் கோயில் என்று மட்டும் எழுதிய அட்டை கிடைத்தால் முதல் கேள்வி: உயரமாக நிற்பது வாசல் கோபுரமா, கருவறை விமானமா? விமானம் என்றால் தஞ்சைப் பெரிய கோயிலை முதலில் சோதியுங்கள். நேர்க்கோட்டில் குறுகிச் செல்லும் அடுக்குகள், மேலே எண்பட்டைச் சிகரம். கோபுரத்தின் முன்னால் பொற்றாமரைக் குளமும் தூண் மண்டபமும் தெரிந்தால் மதுரை, அதுவும் பெரும்பாலும் தெற்குக் கோபுரம். அதன் பக்கங்கள் லேசாக உட்குழிந்து வளைவதைக் கவனியுங்கள். பாறை உச்சியில் கோயில், முன்னால் தெப்பக்குளம் என்றால் திருச்சி மலைக்கோட்டை.

ஸ்ரீரங்கத்தில் எச்சரிக்கை. 13 நிலை, 236 அடி ராஜகோபுரம் முடிந்தது 1987-ல். சிகரெட் அட்டைக் காலம் முழுவதும் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பழைய அட்டையில் பிரம்மாண்டமான முழுக் கோபுரத்தைக் கண்டு ராஜகோபுரம் என்று எழுதிவிடாதீர்கள். சென்னைக் கடற்கரைப் படத்தில் உயர்நீதிமன்றத்தின் நெடிய மாடம் தெரிந்தால் 1892-க்குப் பின். அமிர்தசரஸ் பொற்கோயில் குளக்கரையில் கோதிக் பாணி மணிக்கூண்டு நின்றால் ஆங்கிலேயர் கட்டி, 1945-ல் இடிக்கப்பட்ட கூண்டு அது. தாஜ்மகாலில் தோட்ட மரங்களைப் பாருங்கள். வைஸ்ராய் கர்சன் காலத்தில் தோட்டத்தைத் திருத்துவதற்கு முன் அடர்ந்த மரங்கள் பளிங்கைப் பாதி மறைத்தன.

கடைசிப் படி: எழுதி வைப்பது

ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு குறிப்பு: கம்பெனி, வரிசை, எண், அட்டை வெளியான காலம், கட்டடத்தின் பெயர், மூலப்படத்தின் காலம், எதை வைத்துச் சொல்கிறோம் என்ற காரணம். உறுதி, பெரும்பாலும் சரி, ஊகம் என்று மூன்று நிலைகளில் ஒன்றையும் போடுங்கள். காரணம் எழுதாத அடையாளம் அடுத்தவருக்குப் பயன்படாது, இரண்டு வருடம் கழித்து உங்களுக்கும் பயன்படாது. அட்டையின் மேல் பென்சில்கூட வேண்டாம், உறையின் மேல் எழுதுங்கள். பசை தடவிய 1930-களின் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத உறையும் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலமும் போதும். லாமினேட் செய்வது அட்டையைக் கொல்வது.

எந்தப் படியிலும் பிடிபடாதவற்றைத் தனி உறையில் வையுங்கள். உத்தேசமான நாடு தெரிந்தால் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கோ நூலகத்துக்கோ எழுதலாம். அனுப்பும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, உங்கள் எண்ணிக்கைக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் அனுப்பினால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பின்பக்கம் எங்கே என்பதுதான்.